கஜா புயலும் கணக்கில் வராத ஜனங்களும்

(அண்ணனூரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



புயலைப் பற்றி அண்ணனூரில் வந்து பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இங்கே கடலும் இல்லை, தென்னந்தோப்பும் இல்லை. ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் வயலுமாக இருந்த பூமியில் இன்று ரயில் பணிமனையும் வீட்டு மனைகளுமே இருக்கின்றன. ஆனாலும் 2016ம் ஆண்டு டிசம்பர் 12ந் தேதியை இந்த ஊர் ஜனங்கள் மறந்துவிடவில்லை. வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்த அன்று மின்சார ரயில்கள் நின்றன. மரங்கள் தெருவை அடைத்துக்கொண்டு விழுந்தன. விளக்கு எரிய நாட்கள் ஆயின. மோட்டார் ஓடவில்லை, தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

அது கஷ்டந்தான். ஆனால் நம் தெருவில் விழுந்த தூங்குமூஞ்சி மரம் நமக்குச் சோறு போட்ட மரமல்ல. ஒரு வாரத்தில் மரத்தை அறுத்து அகற்றினார்கள். நாமும் ஷிப்டுக்குப் போய்விட்டோம். விழுந்த மரத்தோடு பிழைப்பும் விழுந்துபோன ஜனங்களைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடியிலும் வேலை செய்கிற எத்தனையோ பேருக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், பேராவூரணிப் பக்கம், வேதாரண்யம் பக்கம். ஆகவே இது நம் வீட்டு விஷயமே.

2018ம் ஆண்டு நவம்பர் 16ந் தேதி. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்க ஒரு நாள்தான் பாக்கி. நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை ஏறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று. கரை ஏறிய புயல் அங்கேயே ஓய்ந்துவிடவில்லை. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களை உழுதுகொண்டு மேற்கே போயிற்று.

இந்தக் காற்றின் சுபாவத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. புயல் கிழக்கிலிருந்து நம்மை நோக்கி வரும்போது வடக்கிலிருந்து காற்று அடிக்கும். நடுவில் இருக்கிற கண் நம் தலைக்கு மேல் வரும்போது எல்லாம் அடங்கிவிடும். புயல் போய்விட்டது என்று நினைத்து வெளியே வருகிறவர்களும் உண்டு. கண் கடந்ததும் தெற்கிலிருந்து அடிக்கும். முதல் பாதியில் வடகாற்று மரத்தை ஆட்டி, வேரைத் தளர்த்தி வைக்கிறது. இரண்டாம் பாதியில் தென்காற்று வந்து, தளர்ந்த மரத்தை மறுபக்கம் தள்ளுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நாலு மடங்காகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தண்டைச் சுற்றிக் கயிறு கயிறாகக் கிளம்பும் சல்லிவேர்கள்தான். சாதாரணக் காற்றுக்கு அது வளைந்து கொடுத்து நிற்கும்; அதனால்தான் கடற்கரையில் தென்னை வாழ்கிறது. ஆனால் மழையில் ஊறி இளகிய மண்ணில், இரு பக்கமும் மாறி மாறி ஆட்டப்பட்ட மரம் எப்படி நிற்கும்? சில மரங்கள் வேரோடு சாய்ந்தன. சில நடுவில் முறிந்தன. இன்னும் சில நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் கொண்டை திருகிப் போய்விட்டது. தென்னைக்கு உயிர் குருத்தில் இருக்கிறது. குருத்து முறிந்தால், நிற்கிற மரமும் சில மாதங்களில் பட்டுப் போகும். கணக்கெடுக்க வந்தவர் விழுந்த மரத்தை எண்ணுவார். நின்றுகொண்டே சாகிற மரத்தை எப்படி எண்ணுவார்?

அந்தப் பிரதேசத்தில் இத்தனை தென்னை எப்படி வந்தது? தஞ்சை ஜில்லா என்றால் நெற்களஞ்சியம் என்று படித்திருக்கிறோமே! பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணிப் பகுதிகள் கல்லணைக் கால்வாயின் பாசனத்தில் இருக்கின்றன. 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததும் இந்தப் புது ஆறு மேட்டு நிலங்களுக்கெல்லாம் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோனது. பிறகு தண்ணீர் வருவது குறைந்தது. வந்தாலும் கடைமடைக்கு எட்டவில்லை. எட்டினாலும் காலம் தவறி எட்டியது. நெல்லை நம்பிக் கடனாளியான விவசாயி, போர்வெல் போட்டுத் தென்னைக்கு மாறினான். தென்னை பிள்ளையைப் போல என்றார்கள். ஆறேழு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தால், பிறகு அறுபது வருஷம் அது சோறு போடும். மகள் கல்யாணம், மகன் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் தோப்பின் மேல்தான்.

ஆகவே காற்று அடித்த இடம் தற்செயலாக இருக்கலாம். அடித்த இடத்தில் ஒரே பயிராகத் தென்னை நின்றது தற்செயல் அல்ல. ஆற்றில் தண்ணீர் ஒழுங்காக வந்திருந்தால் அந்தக் கார்த்திகையில் அங்கே நிறைய இடங்களில் சம்பா பயிர் இருந்திருக்கும். முழங்கால் உயர நெற்பயிரைக் காற்று சாய்த்தாலும் பெரும்பாலும் அது எழுந்துவிடும். அதுவும் போகட்டும், ஒரு போகம் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் ஒரு தலைமுறை போயிற்று.

தென்னை மட்டுமல்ல. புதுக்கோட்டை ஜில்லாவில் கீரமங்கலம், வடகாடு பக்கத்துப் பலாத் தோப்புகளும் வாழையும் போயின. வேதாரண்யத்தில் மாவும் முந்திரியும் போயின. உப்பளங்களில் சேறு ஏறியது. மீனவர்களின் படகுகள் நொறுங்கின. கோடியக்கரையில் மான்கள் செத்து ஒதுங்கின. அறுபதுக்கும் மேற்பட்ட மனித உயிர்கள் போயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல லட்சம் தென்னைகள் விழுந்தன.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். புயலுக்கு முன்னால் சர்க்கார் செய்த ஏற்பாடுகள் மோசமில்லை. எச்சரிக்கை உரிய காலத்தில் வந்தது; தாழ்ந்த பகுதி ஜனங்களைப் பல்லாயிரக்கணக்கில் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். எதிர்க்கட்சிகளே முதல் நாள் பாராட்டின. 1952 நவம்பர் 30ந் தேதி நாகப்பட்டினத்தை அடித்த புயலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 1977 நவம்பர் 12ந் தேதிப் புயலில் ஐநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் கணக்கோடு பார்த்தால் 2018ல் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது உண்மை. காற்று வருவதற்கு முன்னால் சர்க்கார் விழித்திருந்தது. காற்று போன பிறகு நடந்ததுதான் வேறு.

குடிதண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, பாதை இல்லை என்று ஜனங்கள் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். கொத்தமங்கலத்தில் ஆத்திரம் எல்லை மீறி, சர்க்கார் வண்டிகள் எரிந்தன. உடனே ராத்திரியோடு ராத்திரியாகப் போலீஸ் வந்து வீடு வீடாக ஆட்களைப் பிடித்தது. தண்ணீர் லாரி வராத ஊருக்குப் போலீஸ் லாரி வந்துவிட்டது! நவம்பர் 20ந் தேதி முதலமைச்சர் ஹெலிகாப்டரில் வந்தார். புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளைப் பார்த்தார். வானிலை சரியில்லை என்று திருவாரூருக்கும் நாகைக்கும் போகாமலே திரும்பினார். மேலிருந்து பார்த்தால் விழுந்த தென்னை தீக்குச்சி கொட்டிக் கிடப்பது போலத் தெரியும். தீக்குச்சிக்கு யார் அழுவார்கள்?

பணக் கணக்குக்கு வருவோம். மாநில சர்க்கார் டில்லியிடம் சுமார் 15,000 கோடி ரூபாய் கேட்டது. டில்லி 2018 டிசம்பர் கடைசியில் அனுமதித்தது 1,146 கோடி ரூபாய். பதின்மூன்றில் ஒரு பங்கு. கேட்டவர்கள் கூட்டிக் கேட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், இவ்வளவா கூட்டினார்கள்?

தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் நஷ்டஈடு, விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று மாநில சர்க்கார் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய். தொகையைக் கேட்டால் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மரம் வருஷத்துக்கு எண்பது காய் காய்த்து, காய் பத்து ரூபாய்க்கு விற்றால், 800 ரூபாய் ஆகிறது. அறுபது வருஷம் நிற்க வேண்டிய மரத்துக்கு ஒரு வருஷ வரும்படி கூட நஷ்டஈடு இல்லை. கன்றை நட்டுவிட்டு ஆறேழு வருஷம் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்?

வெட்டி அகற்றுகிற செலவும் சாமான்யமல்ல. அறுக்கிற மிஷினுக்கும், இழுத்துப் போடுகிற மிஷினுக்கும், டிராக்டருக்கும் வாடகை. அந்தச் சமயத்தில் மிஷின்காரர் சொன்னதுதான் வாடகை. அகற்றாமல் விட்டாலும் முடியாது. அழுகுகிற தண்டில் காண்டாமிருக வண்டு குஞ்சு பொரிக்கும். காயம்பட்ட மரத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். புயலுக்குத் தப்பிய மரத்தை வண்டு தின்னும். வசதி உள்ளவர் இரண்டு மாதத்தில் தோப்பைச் சுத்தம் செய்து கன்று நட்டுவிட்டார். அரை ஏக்கர்க்காரர் தோப்பில் மரங்கள் கிடந்த கிடையாகக் கிடந்து அழுகின.

இருந்தாலும் இவர்களுக்காவது பட்டா இருந்தது. பட்டா இருந்ததால் மரம் எண்ணப்பட்டது, எண்ணப்பட்டதால் பணம் வந்தது. பட்டா இல்லாதவர்களின் கதி என்ன?

தோப்புகளைக் காய்க்குக் குத்தகை எடுக்கிற வழக்கம் அங்கே உண்டு. சிறு வியாபாரி ஒருவர் வட்டிக்கு வாங்கி ஒரு வருஷத்துக் குத்தகைப் பணத்தை முன்னாலேயே கட்டிவிடுகிறார். புயல் அடித்தது. மரத்துக்கு நஷ்டஈடு நிலக்காரருக்குப் போகிறது. குத்தகைப் பணம் திரும்புவதில்லை. கடன் மட்டும் அவர் தலையில் நிற்கிறது. கோயில் நிலத்தைத் தலைமுறையாகச் சாகுபடி செய்கிறவர் இருக்கிறார். பதிவிலே பாட்டன் பேரோ வேறு யார் பேரோ இருக்கிறது. பண்படுத்தியது இவர், கன்று வைத்தது இவர், தண்ணீர் ஊற்றியது இவர். கணக்கெடுக்க வந்தவர் கேட்பது ஒரே கேள்வி: காகிதம் எங்கே?

அதற்கும் கீழே இருக்கிறவர்களைப் பாருங்கள். மரம் ஏறிக் காய் பறிக்கிறவர், மட்டை உரிக்கிறவர், காய் சுமக்கிறவர், கயிறு ஆலையில் நார் பிரிக்கிறவர், வாசலில் உட்கார்ந்து கீற்று முடைகிற தாய்மார்கள். ஒரு தோப்பை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது! அந்தப் பகுதிக்கு நாங்கள் போயிருந்தபோது மரம் ஏறுகிற தொழிலாளி ஒருவர் எங்களோடு பேசிக்கொண்டு வந்தார். நாளைக்கு இத்தனை மரம் என்று கணக்குப் போட்டு வாழ்ந்தவர். விழுந்த மரத்துக்குச் சர்க்கார் கணக்கு வைத்திருக்கிறது, ஏறினவனுக்கு ஏது கணக்கு என்று அவர் கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? குடிசை முழுதும் போனவருக்குப் பத்தாயிரம் ரூபாய், பாதி போனவருக்கு 4,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். கூரை வேயக் கீற்று வாங்கலாம் என்றால், கீற்றுக் கொடுக்கிற மரமே விழுந்து கிடக்கிறது!

அப்போது நடப்பிலிருந்த ஊரக வேலைச் சட்டத்தின்படி வருஷத்துக்கு நூறு நாள் வேலை. இழந்துபோன வேலையோ ஆறேழு வருஷத்து வேலை. கன்று மரமாகும் வரைக்கும் ஏற ஒன்றுமில்லை, உரிக்க ஒன்றுமில்லை. ஆகவே ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் கிளம்பினார்கள். நம் பக்கத்துக் கட்டடங்களில் கலவை போட்டவர்களில் அவர்களும் உண்டு. அவர்களை வேலை தேடி வந்தவர்கள் என்று மட்டும் நாம் நினைத்திருப்போம்.

மின்சாரத் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். வெளி ஜில்லாக்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். வண்டி போகாத வயலில், முழங்கால் சேற்றில், சிமெண்ட் கம்பத்தைத் தோளில் சுமந்துபோய் நட்டார்கள். கிடைத்ததைச் சாப்பிட்டு, பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்தார்கள். சோறு போட்டவர்கள் யார் தெரியுமா? வீடிழந்த அந்தக் கிராமத்து ஜனங்களே உலையேற்றிச் சோறு போட்டார்கள். அந்தத் தொழிலாளர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேலை முடிந்ததும் மாலை போட்டுப் பாராட்டினார்கள், வேலையை நிரந்தரம் செய்தார்களா?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று படித்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டத்தில் 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்குப் பிரீமியம் 14 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். அதில் பாதியை வாரியம் கட்டும், கால் பங்கை மாநில சர்க்கார் கட்டும், விவசாயி கட்ட வேண்டியது மூன்றரை ரூபாய். மரம் போனால் 1,750 ரூபாய். டீக்கடையில் ஒரு டீக்குக் கூடக் காணாத காசு அது! அப்படியிருந்தும் இன்ஷூர் செய்திருந்தவர்கள் சொற்பம். விவசாயிக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடலாம், சொல்கிறார்கள். பயிர்க் கடன் கொடுக்கும்போது பயிர் இன்ஷூரன்ஸைத் தாமே பிடித்துக்கொள்ளத் தெரிந்த பாங்குகளும் சொசைட்டிகளும், தென்னைக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று ஊர் சாவடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கக் கூடாதா?

பழைய கதை ஒன்றைச் சொல்கிறோம். 1952ம் ஆண்டு ஆகஸ்டில் தஞ்சை ஜில்லாச் சாகுபடியாளர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்புத் தரும் அவசரச் சட்டம் வந்தது. சும்மா வரவில்லை, பண்ணையாட்களும் குத்தகைதாரர்களும் வருஷக்கணக்கில் நடத்திய போராட்டத்தால் வந்தது. மூன்று மாதம் கழித்து நவம்பர் 30ந் தேதி புயல் வந்தது. அன்று பண்ணையாளின் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது. குடிசை போனால், மறுபடி கட்டிக்கொள்ள அவரிடம் உத்தரவு கேட்க வேண்டும். 1971ல் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகு அந்த மனை கூலி விவசாயிக்குச் சொந்தமாயிற்று. 2018ல் குடிசை விழுந்தபோது, இது என் மனை, எனக்கு நிவாரணம் கொடு என்று தாசில்தார் முன்னால் நின்று கேட்க அவனுக்கு வாய் இருந்தது. அந்த வாயைக் கொடுத்தது சட்டம். சட்டத்தைக் கொடுத்தது போராட்டம்.

குத்தகை நிலத்துக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1955ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். செய்யாதவர்களும் அநேகம் பேர் இருக்கிறார்கள். நிலக்காரரோடு மனஸ்தாபம் வேண்டாம் என்று சிலர். அப்பா காலத்தில் செய்ததே போதும் என்று சிலர். வாய் வார்த்தையே போதும் என்று சிலர். நல்ல காலத்தில் வாய் வார்த்தை போதும். கணக்கெடுக்கிற நாளில் அது செல்லாது.

கடலூர் ஜில்லா ஜனங்களைக் கேட்டால் இதையே சொல்வார்கள். 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் விழுந்தன. பலா மரம் பலன் கொடுக்க எத்தனை வருஷம் என்று அவர்களுக்குத் தெரியும். அதுவரை முந்திரி உடைக்கிற பெண்கள் என்ன செய்தார்கள் என்பதும் தெரியும். 2011ல் தெரிந்த இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு, மரப்பயிர் போன இடத்தில் கூலி விவசாயிக்கு வேலை இழப்புக்கு இவ்வளவு என்று ஒரு விதியை 2018க்குள் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நிவாரண விதிகளில் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று இருக்கிறது. மாட்டுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு என்று இருக்கிறது. தோப்பு மறுபடி காய்க்கும் வரை போன வேலைக்கு இவ்வளவு என்று கிடையாது. காய் பறிக்கிறவருக்கும் கீற்று முடைகிறவருக்கும் ஊராட்சியில் ஒரு பதிவேடு வைத்து, தோப்பு மறுபடி காய்க்கும் வரை மாதாமாதம் ஒரு தொகை கொடு என்பதுதான் நாம் கேட்பது. மரத்தை எண்ண ஆள் அனுப்பத் தெரிந்த சர்க்காருக்கு மனிதனை எண்ணவும் ஆள் அனுப்ப முடியும்.

கடைசியாக, கூட்டத்துக்கு வந்திருக்கிற தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டைத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள். போகிறபோது கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவோ அண்ணனோ சாகுபடி செய்கிற நிலத்துக்கு நேரே யார் பெயர் எழுதியிருக்கிறது, பயிர் என்ன என்று எழுதியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். 2018க்குப் பிறகு நட்ட கன்றுகள் இப்போது காய்ப்புக்கு வந்துகொண்டிருக்கின்றன; அந்தத் தோப்பு அடங்கலில் தோப்பு என்று ஏறியிருக்கிறதா, தரிசு என்றே கிடக்கிறதா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் அன்றைக்கே மனு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க அண்ணனூரிலிருந்து நாங்கள் இரண்டு பேர் வருகிறோம்; எந்த ஊர், எந்தத் தேதி என்று கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.